நுரையீரல் மாற்றியவர்களுக்கு எச். பைலோரி சோதனை: ‘நெகட்டிவ்’ வந்தால் உடனே நம்பலாமா?

எச். பைலோரி என்பது வயிற்றில் புண் உண்டாக்கும் கிருமி. அதற்கான சோதனைக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். நுரையீரல் மாற்றியவர்களில் பெரும்பாலோர் ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தில் (அமில மருந்து) இருப்பார்கள். பலருக்கு வாரம் 3 நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஓடும். இரண்டும் கிருமியை ஒழிக்காமல் அமுக்கி மட்டும் வைக்கும். மூச்சு, மலம், ரேபிட் யூரியேஸ் (வயிற்றுத் துண்டில் கிருமியின் நொதியைப் பார்ப்பது) மூன்றுமே அப்போது பொய் நெகட்டிவ் தரலாம். பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். ரத்த ஆன்டிபாடி சோதனை வேண்டவே வேண்டாம்: பழைய தொற்றையும் காட்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருப்பவர்களிடம் இருக்கும் தொற்றையும் தவறவிடும்.

பதில், லேப் பக்கம் இருந்து:
அமில மருந்து 2 வாரம், ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத்தும் 4 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அமிலம் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போனால் புது நுரையீரலுக்கே ஆபத்து. அதனால் மாற்றுச் சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். இடைக்காலத்துக்கு, வேறு வகை அமிலக் குறைப்பு மருந்தான ஃபமோடிடின் கொடுப்பதுண்டு.

கோட்ரைமாக்சசோலை (ட்ரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக்) மட்டும் இதற்காக நிறுத்தச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் கிருமி ட்ரைமெத்தோபிரிமுக்கு அடங்காது. இதை வளர்க்கும் ஊடகத்திலேயே மற்றக் கிருமிகளைத் தடுக்க அதைச் சேர்ப்பார்கள்.

மூச்சுப் பரிசோதனைக்கு வெறும் வயிறு முக்கியம். முதல் பையில் ஊதியபின் சி-13 யூரியா குடித்து, 30 நிமிடம் கழித்து இரண்டாம் பை. மூச்சைச் சில நொடி பிடித்து, கடைசியில் வரும் காற்றைப் பையில் பிடிக்க வேண்டும். அவசரமாக ஊதினால் தொண்டைக் காற்றுதான் நிறையும். மூச்சு வாங்குகிறவரை அவசரப்படுத்தாதீர்கள். அறுவையில் வேகஸ் நரம்பு பாதித்து வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு முந்தைய இரவு உணவே தங்கியிருக்கும், அதையும் கேளுங்கள். மலச் சோதனை என்றால், மைகோஃபெனோலேட்டால் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) தண்ணீராகப் போகும்போது எடுத்த மாதிரி நீர்த்துப்போய் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) தெரியாமல் போகலாம்.

பதில், எண்டோஸ்கோபி பக்கம்:
அசித்ரோமைசினை நிறுத்தவே முடியாதென்றால் பயாப்ஸிதான் வழி. ஆன்ட்ரத்தில் (வயிற்றின் கீழ்ப்பகுதி) 2, இரைப்பை வளைவில் 1, கார்பஸில் (வயிற்றின் நடுப்பகுதி) 2 துண்டு எடுங்கள். அமில மருந்தில் இருப்பவர்களுக்குக் கிருமி கார்பஸ் பக்கம் நகர்ந்துவிடும்; ஆன்ட்ரத்தை மட்டும் எடுத்தால் தவறிவிடும். அதே துண்டில் சைட்டோமெகலோ வைரஸுக்கும் சாயம் போடச் சொல்லுங்கள், புண் அதனாலும் வரும். பி.சி.ஆர். (மரபணுச் சோதனை) போட்டால், கிருமிக்குக் கிளாரித்ரோமைசின் (அசித்ரோமைசின் இனத்து ஆன்டிபயாடிக்) எதிர்ப்பு இருப்பதும் தெரிந்துவிடும். நெடுநாள் அசித்ரோமைசின் எடுத்தவர்களிடம் அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின், டாக்ரோலிமஸ் (புது நுரையீரலை உடல் ஒதுக்காமல் காக்கும் மருந்து) அளவை வேகமாக ஏற்றும், இன்னொரு ஆன்டிபயாடிக்கான ரிஃபாபுடின் இறக்கும். எந்த மருந்துக் கூட்டு கொடுத்தாலும், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் எடுங்கள்.