பட்டறை ஆட்களுக்கு ரிப்போர்ட் எழுதும் பயிற்சி: நமக்கேற்ற மாதிரி அமைப்பது எப்படி?

கோவை_குவாலிட்டி கேட்டது:

வணக்கம். கோவையில் பம்ப் பாடி, வால்வு ஹவுசிங் மெஷினிங் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வார்ப்பு வெளியிலிருந்து வருகிறது. மெஷினிங்கும் அசெம்பிளியும் எங்களிடம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வாகன உதிரிபாகக் கம்பெனிகள். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனாலும் 8டி ரிப்போர்ட் (பிரச்சினையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுக் கட்டங்களில் எழுதித் தரும் படிவம்) கேட்பார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

எங்கள் ஆட்கள் வேலையில் கெட்டி. வெட்டுகிற சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லக்கூடிய சூப்பர்வைசர் இருக்கிறார். அவர் எழுதும் ரிப்போர்ட்தான் திரும்பி வருகிறது. அண்மையில் வந்த ஒன்றில் மூல காரணம் என்ற கட்டத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "ஆபரேட்டரின் கவனக்குறைவால் போர் (துளை) அளவு கூடிவிட்டது." எடுத்த நடவடிக்கை: "ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. இனி நடக்காமல் பார்த்துக்கொள்ளப்படும்." அவ்வளவுதான். கஸ்டமர் சிவப்பில் ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டார்: இது காரணம் இல்லை.

நிர்வாகம் டெக்னிக்கல் ரைட்டிங் பயிற்சி கொடுக்கலாம் என்கிறது. பணம் ஒதுக்கவும் தயார். ஒரு பயிற்சி நிறுவனத்திடம் கேட்டதில் வந்த பாடத்திட்டம்: இலக்கணம், ஈமெயில் நாகரிகம், செய்வினை செயப்பாட்டுவினை, பிரசன்டேஷன். எங்களுக்கேற்ப மாற்றித் தருவோம் என்கிறார்கள். எதை மாற்றுவீர்கள் என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை.

என் ஆட்களில் பலர் டிப்ளமா படித்தவர்கள், தமிழ் வழியில் வந்தவர்கள். இலக்கண வகுப்பில் உட்கார வைத்து அவர்களைக் கூச வைக்க எனக்கு விருப்பம் இல்லை. பயிற்சி தருபவரிடம் நான் என்ன கேட்க வேண்டும்? தமிழிலா, ஆங்கிலத்திலா? எல்லோரையும் ஒரே வகுப்பில் வைக்கலாமா? பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கையேட்டு_மேசை பதில்:

வணக்கம் சார். மெஷின் கையேடுகள் எழுதுவதுதான் என் தொழில். கொஞ்ச வருடங்களாகத் தொழிற்சாலைகளில் இந்தப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன்.

பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வகுப்புக்கு முன்னால் எங்கள் ரிப்போர்ட்டுகளைப் படிப்பீர்களா?" கஸ்டமர் திருப்பி அனுப்பியவை, அவர் எழுதிய குறிப்போடு, ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை சில, இரண்டையும் கொடுங்கள். அவற்றைப் படித்துவிட்டு, ஒரு ஷிஃப்டாவது ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்துவிட்டு வருபவர்தான் உங்களுக்கேற்ற பாடம் எடுக்க முடியும். திரும்பி வந்த ரிப்போர்ட்டுகள்தான் உங்கள் பாடத்திட்டம். இதற்கு நேரமில்லை என்று சொல்பவரை விட்டுவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

நீங்கள் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அருமையான ஆங்கிலத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தாலும் கஸ்டமர் திருப்பித்தான் அனுப்புவார். விசாரணை நின்ற இடத்திலேயே எழுத்தும் நின்றுவிட்டது.

ஒரு வகுப்பில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, எழுதிய சூப்பர்வைசரிடமே தமிழில் கேட்டுக்கொண்டு போனேன். என்ன அளவு இருக்க வேண்டும்? 40 எம்எம் எச்7 போர், 40.000 முதல் 40.025 வரை. என்ன வந்தது? 40.04. எல்லா பீஸிலுமா? இல்லை, இரண்டாவது ஷிஃப்டில் நடுவில் ஆரம்பித்தது. அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? "இன்செர்ட் மாத்தினோம் சார்." (டூலின் வெட்டும் முனைதான் இன்செர்ட்.) மாற்றிய பிறகு ஆஃப்செட் (மெஷினில் பதியும் டூல் அளவுத் திருத்தம்) யார் போட்டது, முதல் பீஸை போர் கேஜ் வைத்துப் பார்த்தார்களா? அங்கே கொஞ்சம் அமைதி. அப்புறம் அவரே எழுந்து போய் ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷனை, அதாவது வேலையின் செய்முறைத் தாளை, எடுத்துவந்தார். ஷிஃப்ட் ஆரம்பத்தில் முதல் பீஸைப் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இன்செர்ட் மாற்றினால் என்ன செய்வது என்று ஒரு வரி கூட இல்லை.

காரணம் கிடைத்துவிட்டது, பாருங்கள். ஆபரேட்டர் எழுதி வைத்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அடுத்த அரை மணி நேரத்தில் அந்தக் கட்டம் இப்படி மாறியது: "இரண்டாவது ஷிஃப்டில் இன்செர்ட் மாற்றிய பின் தவறான ஆஃப்செட் பதிவானதால் போர் 40.04 ஆனது. இன்செர்ட் மாற்றிய பின் முதல் பீஸைச் சோதிக்க வேண்டும் என்ற விதி ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷனில் இல்லாததால் பிழை மெஷினிலேயே பிடிபடவில்லை." முதல் வாக்கியம் தவறு ஏன் நடந்தது என்கிறது. இரண்டாவது, அது ஏன் வெளியே தப்பிப் போனது என்கிறது. நாலாவது கட்டமான டி4இல் கஸ்டமர் தேடுவது இந்த இரண்டையும்தான். ஃபோர்டு 1987இல் இந்த முறையைக் கையேடாகக் கொண்டுவந்தது, ஒரு குழு உட்கார்ந்து பிரச்சினையைத் தீர்ப்பதற்காக. நம்மிடம் அது ஒரு ஆள் மாலைக்குள் நிரப்பித் தர வேண்டிய படிவமாகிவிட்டது.

அதனால் மொழிக் கேள்விக்கு என் பதில்: யோசிப்பதும் பேசுவதும் தமிழில், கடைசி வடிவம் ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலத்துக்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை. சின்ன வாக்கியம், எண்ணும் அலகும், தேதி, ஷிஃப்ட், மெஷின் எண். புனேயிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து படிப்பவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான்.

முக்கியமானதை மேலே எழுதுவதையும் பழக்க வேண்டும். இதற்கு நான் வகுப்பில் சொல்வது, பூமிக்குத் திரும்பும்போது உடைந்து சிதறிய நாசாவின் கொலம்பியா விண்கலத்தின் கதை. 2003இல் அது பறந்துகொண்டிருந்தபோது, இறக்கையில் மோதிய நுரைத் துண்டு பற்றிப் பொறியாளர்கள் ஸ்லைடு தயாரித்தார்கள். மோதிய துண்டு சுமார் 1920 கன அங்குலம். கையில் இருந்த சோதனைத் தரவு 3 கன அங்குலத் துண்டுக்கானது. 640 மடங்கு வித்தியாசம். அந்தத் தகவல் ஸ்லைடின் அடிமட்டத்தில், கடைசி வரிகளில் கிடந்தது. விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக் காட்டியிருக்கிறது. இதைச் சொல்லும்போது மெயின்டனன்ஸ் ஆட்கள் கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லோரையும் ஒரே வகுப்பில் வைக்காதீர்கள். 8டி எழுதுபவர்கள் தனி, ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன் எழுதுபவர்கள் தனி. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவரின் தாளையும் பார்க்க முடியாது. இரண்டு முழு நாட்களைத் தொடர்ச்சியாக வைப்பதைவிட, வாரம் ஓர் அரை நாள் என்று பிரிப்பது மேல். இடையில் வந்த நிஜ ரிப்போர்ட்டை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருவார்கள்.

பலனை அளப்பது எளிது. ஐஎஸ்ஓ 9001:2015இன் 7.2 பிரிவே பயிற்சி பலன் தந்ததா என்று மதிப்பிடச் சொல்கிறது. பலரும் வருகைப் பதிவேட்டையும் கருத்துப் படிவத்தையும் ஃபைலில் வைத்து முடித்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, முதல் தடவையிலேயே எத்தனை 8டி ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பது. பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதக் கணக்கை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஓசூர்_மெயின்டனன்ஸ் பதில்:

மேலே சொன்னவர் 8டி பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன். அங்கே தவறான எழுத்து ஆளையே காயப்படுத்தும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஹைட்ராலிக் பவர் பேக்குக்கான தாள் இருந்தது. நாலாவது படி: ஹோஸ் இணைப்பைக் கழற்றவும். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: "குறிப்பு: கழற்றுவதற்கு முன் அக்யுமுலேட்டர் அழுத்தத்தை வெளியேற்றவும்." அக்யுமுலேட்டர் என்பது அழுத்தத்தில் எண்ணெயைச் சேர்த்து வைக்கும் கலன். பம்பை நிறுத்தினாலும் அதில் அழுத்தம் அப்படியே நிற்கும். படிகளை வரிசையாகப் படித்துச் செய்கிற புதுப் பையன் நாலாவது படியிலேயே ஸ்பானரைப் போட்டிருப்பான். எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வர வேண்டும். அழுத்தத்தை வெளியேற்றுவது குறிப்பே இல்லை, அதுவே ஒரு படி. கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது அடுத்த படி.

விமானத் துறையில் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை, சேர்ந்தே செய்ய வேண்டிய வேலையாக இருந்தால் மட்டும் விலக்கு. ஆங்கிலத்துக்கான விதிகள்தான். ஆனால் இந்த இரண்டையும் தமிழ்த் தாளுக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஷாப் ஃப்ளோர் தாள்களைத் தமிழில், ஃபோட்டோவோடு மாற்றினோம். "ஹோஸ்", "கேஜ்", "இன்செர்ட்" எல்லாம் அப்படியே இருக்கட்டும். யாரும் புழங்காத சொல்லைப் போட்டால் தாளைப் பார்க்கவே மாட்டார்கள்.

பயிற்சியாளர் செய்ய வைத்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எழுதிய தாளை, அந்த மெஷினைத் தொட்டிராத அப்ரன்டிஸ் கையில் கொடுத்து, எழுதியவர் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். பவரை ஆஃப் செய்து லாக் போட்ட மெஷினில், கண்காணிப்போடுதான். பையன் எங்கே நின்று யோசிக்கிறானோ அங்கே தாளில் ஒரு கோடு. வேறு தேர்வே தேவைப்படவில்லை.

மருந்து_க்யூஏ பதில்:

எங்கள் மருந்துத் துறையிலும் டீவியேஷன் ரிப்போர்ட்டில் (விதித்த முறையிலிருந்து விலகியதைப் பதியும் அறிக்கையில்) இதே கதைதான். "மனிதத் தவறு, மறுபயிற்சி தரப்பட்டது" என்று எழுதினால் ஆடிட்டர் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். இப்போது ஆட்கள் நாலு வரியை ஏஐ சாட்பாட்டில் போட்டு ஒரு பக்க ஆங்கிலம் எடுத்துவிடுகிறார்கள். படிக்க வழவழப்பாக இருக்கும், ஆனால் போட்ட நாலு வரிக்கு மேல் உண்மை அதில் இருக்க முடியாது. சில சமயம் நடக்காத பரிசோதனை கூட நடந்ததாக உள்ளே வந்துவிடுகிறது. கையெழுத்துப் போடுவது உங்கள் ஆள். இதைப் பயிற்சியிலேயே வெளிப்படையாகப் பேசுங்கள்.

அடுத்தது ரகசியம். ரிப்போர்ட்டுகளைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதற்கு முன் கஸ்டமர் பெயர், பார்ட் எண், டிராயிங் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ரகசிய ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் நடத்தும் இலவச டெக்னிக்கல் ரைட்டிங் பாடம் இணையத்தில் இருக்கிறது. மென்பொருள் ஆட்களுக்கானது. ஷாப் ஃப்ளோருக்குப் பொருந்தாது, ஆனாலும் வாக்கியத்தைச் சுருக்கும் பயிற்சிகள் உங்கள் இன்ஜினியர்களுக்கு உதவும்.

கோவை_குவாலிட்டி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்செர்ட் விஷயத்தைப் படித்ததும் எங்கள் ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷனை எடுத்துப் பார்த்தேன். எங்களிடமும் அந்த வரி இல்லை. இன்றே சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. ரிப்போர்ட்டுக்கு ஒப்புதல் கொடுப்பவர்கள், அதாவது நானும் புரொடக்ஷன் மேனேஜரும், வகுப்பில் உட்கார வேண்டுமா? நாங்கள் இருந்தால் ஆட்கள் பேசத் தயங்குவார்களோ என்று யோசனை.

கையேட்டு_மேசை:

கட்டாயம் உட்கார வேண்டும் சார். ஆனால் முதல் அமர்வில் வேண்டாம். அவர்கள் தங்கள் தாள்களைத் திறந்து பேசிப் பழகட்டும். இரண்டாவது அமர்விலிருந்து நீங்கள் இருவரும் வாருங்கள்.

"கவனக்குறைவு" என்று எழுதினால் உள்ளே சீக்கிரம் கையெழுத்து விழுகிறது. "ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷனில் வரி இல்லை" என்று எழுதினால் அதைத் தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டிவரும். சூப்பர்வைசருக்கு இது நன்றாகவே தெரியும். அவர் அப்படி எழுதுவதற்கு ஆங்கிலம் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. உண்மையான காரணத்தை எழுதினால் யாரும் சத்தம் போட மாட்டார்கள் என்று புரொடக்ஷன் மேனேஜர் வாயாலேயே, அவர்கள் முன்னால் சொல்லட்டும்.

அந்த வகுப்புக்கு இன்னும் கஸ்டமருக்கு அனுப்பாத ரிப்போர்ட் ஏதாவது கையில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அதையே எல்லோரும் சேர்ந்து எழுதி, நீங்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.