போகாதே என்று சொந்தக் குடிமக்களையே அரசு தடுக்கலாமா?

கேள்வி: 2017 செப்டம்பர் முதல் அமெரிக்க பாஸ்போர்ட்டில் வட கொரியாவுக்குப் போக முடியாது. ஆபத்து என்று எச்சரிப்பது சரி, ஆனால் போகவே கூடாது என்று சொல்ல அரசு யார்? உயிர் அவரவருடையது இல்லையா?

பதில்: அங்கே கைதான மாணவர் ஓட்டோ வார்ம்பியர் கோமாவில் திரும்பி வந்து சில நாட்களில் இறந்த பிறகு போட்ட தடை அது. ஒருவர் பிடிபட்டால் அவரை மீட்க அரசுதான் பேரம் பேச வேண்டும், அதனால் இது தனி மனித விருப்பத்தோடு முடிவதில்லை. பத்திரிகையாளர்கள், நிவாரணப் பணியாளர்கள் சிறப்பு அனுமதி கேட்கலாம்.

வேறொருவர் பதில்: சரி, கியூபாவுக்கு என்ன சொல்வீர்கள்? அமெரிக்கர்கள் அங்கே பணம் செலவழிப்பதைத்தான் அமெரிக்க அரசு தடுக்கிறது. குடும்பத்தைப் பார்க்க, ஆய்வு செய்ய என்று 12 வகைக் காரணங்களுக்கு அனுமதி உண்டு, வெறும் சுற்றுலாவுக்குக் கிடையாது. இது பாதுகாப்பே இல்லை, முழுக்க அரசியல். 1965இல், கியூபா போக பாஸ்போர்ட் அனுமதி மறுக்கப்பட்ட ஸெமெல் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது பெரிய அநியாயம்.

மூன்றாமவர் பதில்: தென் கொரியா இன்னும் கடுமை. ஏமன், சோமாலியா மாதிரி நாடுகளுக்கு அனுமதியில்லாமல் போனால் 1 ஆண்டு வரை சிறை, இல்லை 1 கோடி வோன் வரை அபராதம்.

கேட்டவர்: மீட்புச் செலவு வாதம் புரிகிறது. அதற்காகச் சிறையில் போடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை.