க்ரேட்டோஸுக்கு நல்ல முடிவு கிடைத்தது நியாயம்தானா?

வெண்சாம்பல் கேட்டது:

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. ‘காட் ஆஃப் வார்’ காணொளி விளையாட்டு வரிசையின் எல்லா முடிவுகளையும் இங்கே வெளிப்படையாகப் பேசப்போகிறேன். அதன் நாயகன் க்ரேட்டோஸ், பழைய பாகங்களில் கிரேக்கப் புராண உலகிலும், 2018-க்குப் பிந்தைய பாகங்களில் வடநாட்டு (நார்ஸ்) புராண உலகிலும் போராடுபவன். 2022 நவம்பரில் வெளிவந்த ‘ரக்னராக்’ பாகத்தை இன்னும் முடிக்காதவர்கள், முடித்துவிட்டு இந்த இழைக்கு வருவது நல்லது.

‘ரக்னராக்’ முடியும் இடத்தில், க்ரேட்டோஸின் மகன் அட்ரியஸ் தன் தாயின் இனத்தாரான இராட்சதர்களைத் தேடிப் பிரிந்து செல்கிறான். அவன் போன பிறகு, இராட்சதர்கள் வரைந்துவைத்த சித்திரப் பலகையின் பின்பக்கத்தை க்ரேட்டோஸ் பார்க்கிறான். மக்கள் தன்னைச் சூழ்ந்து நின்று போற்றுவதாக அதில் தீட்டப்பட்டிருக்கிறது. கண்டவர் எல்லாம் அஞ்சி ஓடிய ஒருவன், அன்போடு வணங்கப்படும் கடவுளாகத் தன்னையே அங்கே கண்டு கண் கலங்குகிறான். பிறகு வடநாட்டுத் தெய்வமான ஃப்ரேயாவையும், வெட்டுண்டும் பேசும் தலையான மிமிரையும் அழைத்துக்கொண்டு, போரில் சிதைந்த உலகங்களைச் சீர்ப்படுத்தப் புறப்படுகிறான்.

அந்தக் காட்சி என் நெஞ்சைத் தொட்டது. ஆனால் அது ஓய்ந்ததும், 2005-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த முதல் பாகம் நினைவில் எழுந்து நின்றது. போர்க்கடவுள் ஏரிஸின் சூழ்ச்சியால் சொந்த மனைவியையும் மகளையும் தன் கையாலேயே வெட்டிக் கொன்றவன் அவன். அவர்களுடைய சாம்பல்தான் அவன் தோலில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அந்தக் கொலைகளை அறியாமல் செய்தான் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு 2010-இல் வந்த மூன்றாம் பாகம் வரை அவன் செய்தவை எல்லாம் அறிந்தே செய்தவை. கடல் கடவுள் பொசைடனைக் கொன்றதில் கடல் பொங்கி ஊர்களை விழுங்கியது. சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலையைப் பிய்த்ததில் சூரியன் மறைந்தது. ஹெர்மெஸ் இறந்ததும் கொள்ளைநோய் பரவியது. தந்தை ஸியூஸின் மீதான பழியைத் தீர்க்க ஒரு நாட்டையே அழித்தவனுக்கு இத்தகைய முடிவைத் தருவது கதையின் நேர்மைக்கு ஒத்ததுதானா? இருண்ட கதையின் நாயகனை அந்த இருளிலேயே விட்டுவிடுவது அல்லவா முறை? நீண்ட நாள் இந்த வரிசையை விளையாடியவர்கள் சொல்லுங்கள்.

பழையகளம் எழுதியது:

நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

நீங்கள் கடல், சூரியன், கொள்ளைநோய் என்று பெரிய அழிவுகளைச் சொன்னீர்கள். எனக்கு அவற்றைவிடச் சிறியவைதான் உறுத்துகின்றன. முதல் பாகத்தில் பண்டோராவின் கோயிலுக்குள் கூண்டில் அடைக்கப்பட்ட ஒரு படைவீரன் இருப்பான். கதவு திறக்க ஓர் உயிரைப் பலி கொடுக்கவேண்டும் என்பது அந்த இடத்தின் விதி. கூண்டைச் சரிவில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டியவர் நாம்தான். உள்ளே இருப்பவன் விட்டுவிடும்படி கெஞ்சிக்கொண்டே வருவான். நெருப்பு அவனை எரித்து முடித்த பிறகுதான் வழி திறக்கும். மூன்றாம் பாகத்தில், பொசைடனின் அரண்மனையில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை க்ரேட்டோஸ் இழுத்துச் சென்று, கதவைத் தூக்கும் சக்கரம் திரும்பிவிடாதபடி அவளையே முட்டுக்கொடுக்கிறான்; அவன் கதவைக் கடந்ததும் பாரம் தாங்காமல் அவள் நசுங்கிச் சாகிறாள். முதல் பாகத்தில், பல தலை கடற்பாம்பான ஹைட்ராவின் தொண்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்த கப்பல் தலைவனிடம் சாவியை மட்டும் பறித்துக்கொண்டு, ஆளைக் கீழே விட்டுவிட்டதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களில் யாரும் அவனுக்குத் தீங்கு செய்யவில்லை. போகும் வழியில் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் அவர்களிடம் இல்லை.

மன்னிக்கும் உரிமை இவர்களுக்கு இருந்தது. இவர்கள் எல்லோரும் கிரேக்கத்தோடு மாண்டுபோனார்கள். வடநாட்டு மக்களோ அந்தக் கிரேக்கத்தைக் கண்டதில்லை. அவர்கள் கொண்டாடுவது அவன் வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகளை மட்டுமே. முழுக் கதையையும் அறியாதவர்கள் தரும் வணக்கத்தைத் தகுதிச் சான்றாக எப்படி எடுத்துக்கொள்வது?

முதல் பாகத்தின் முடிவு இந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானது. ஏரிஸைக் கொன்றபின் கடவுள்கள் அவன் பாவங்களை மன்னிக்கிறார்கள். ஆனால் அவன் உண்மையில் வேண்டியது கொடுங்கனவுகளிலிருந்து விடுதலை. அதைத் தர மறுத்துவிடுகிறார்கள். மன்னிப்பு கையில் இருந்தும் வாழமுடியாமல் மலையுச்சியிலிருந்து கடலில் குதிக்கிறான். சாகவும் விடாமல் அதீனா என்ற பெண் தெய்வம் அவனைத் தூக்கி, போர்க்கடவுளின் அரியணையில் அமர்த்துகிறாள். அந்த முடிவை எழுதியவர்களுக்கு இவன் யார் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. 2018-இல் வந்த பாகமும், மகன் மடியில் அவன் இறந்துகிடப்பதாகத் தோன்றும் ஒரு சித்திரத்தைக் காட்டித்தான் முடிந்தது. சொன்ன சொல்லை ‘ரக்னராக்’ காப்பாற்றியிருக்கவேண்டும். மகனுக்காகவோ ஃப்ரேயாவுக்காகவோ அவன் உயிரை விட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன். கணக்கும் ஓரளவு நேராகியிருக்கும்.

ஆழிசூழ் எழுதியது:

பழையகளம் அடுக்கிய குற்றங்களில் ஒன்றைக்கூட நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் மரணம் கணக்கை நேராக்கும் என்ற இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை.

க்ரேட்டோஸின் கதை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தில் ஹெராக்கிளிஸ், ஹீராவின் சூழ்ச்சியால் பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொல்கிறான். டெல்ஃபியின் குறிசொல்லி அவனை யூரிஸ்தியஸ் மன்னனிடம் அனுப்ப, அங்கே பன்னிரண்டு அரும்பணிகளைச் செய்து அந்தப் பழியைக் கழிக்கிறான். கடைசியில் நஞ்சூறிய அங்கியால் உடல் வெந்து, ஈட்டா மலையில் தனக்கென மூட்டிய சிதையில் ஏறுகிறான். புராணம் அவனை அங்கே சாம்பலாக விட்டுவிடவில்லை. ஒலிம்பஸுக்கு உயர்த்தி, ஹீபியை மணமுடித்துவைத்து, கடவுள்களில் ஒருவனாக்குகிறது. பிள்ளைகளைக் கொன்ற கையையும் பணி செய்த கையையும் ஒரே உடலில் வைத்துப் பார்க்கும் துணிவு அந்தப் பழைய கதைசொல்லிகளுக்கு இருந்தது. க்ரேட்டோஸும் குடும்பத்தைக் கொன்றபின் பத்தாண்டுகள் கடவுள்களுக்கு ஊழியம் செய்தவன்தான். இரண்டு கதைகளும் எவ்வளவு நெருக்கம் என்பது அதிலேயே விளங்கும். மூன்றாம் பாகத்தில் அவன் ஹெர்க்குலிஸையே (ஹெராக்கிளிஸுக்கு விளையாட்டு தரும் பெயர்), அவனுடைய இரும்புக் கையுறைகளைப் பறித்து, முகம் சிதையும்வரை குத்திக் கொல்வதை அந்த ஒப்பீட்டோடு பார்த்தால் இன்னும் வலிக்கும். தனக்கு முன்னால் இருந்த ஒரே முன்மாதிரியை அவன் தன் கையாலேயே அழித்துவிட்டான்.

அடுத்து, இது எவ்வளவு மகிழ்ச்சியான முடிவு என்று பார்ப்போம். இறந்துபோன இரண்டாம் மனைவி, அட்ரியஸின் தாய் ஃபே திரும்பி வரவில்லை. எந்த மகனுக்காக இரண்டு பாகங்கள் முழுக்கப் போராடினானோ, அவன் கண்முன்னே நடந்து போய்விடுகிறான். மிஞ்சியவை இரண்டு தோழமைகளும் செய்து முடிக்கவேண்டிய வேலையும். ஒரு கடவுளுக்குரிய ஓய்வுகூட அவனுக்குத் தரப்படவில்லை.

மன்னிக்கும் உரிமை உள்ளவர்கள் யாரும் மிஞ்சவில்லை என்று சொன்னீர்கள். ஒருத்தி மிஞ்சியிருக்கிறாள். ஃப்ரேயாவின் மகன் பால்டரை அவள் கண்முன்னே கழுத்தை முறித்துக் கொன்றவன் க்ரேட்டோஸ். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான் என்றாலும், காப்பாற்றும்படி அவள் கேட்கவில்லை. ‘ரக்னராக்’ தொடங்குவதே அவள் அவனைக் கொல்லத் துரத்தும் காட்சியோடுதான். அவன் அவளைத் தடுக்கிறானே தவிரத் திருப்பித் தாக்க முனைவதில்லை. பின்னர் வடநாட்டுக் கடவுள்களின் தலைவன் ஓடின் அவள்மீது போட்ட மந்திரக்கட்டை அவிழ்க்க, அவள் பிறந்த உலகமான வானஹைமுக்குத் துணையாகச் செல்கிறான். கட்டு அவிழ்ந்த பிறகு பழிதீர்க்க அவளுக்கு வாய்ப்பும் வலிமையும் இருக்கின்றன. அவள் அதைக் கைவிடுகிறாள். கட்டியணைத்து எல்லாவற்றையும் மறக்கும் காட்சி எதுவும் அங்கே இல்லை. ஆனால் முடிவில் அவனோடு சேர்ந்து நடப்பவர்களில் அவளும் ஒருத்தி. முழுக் கதையையும் அறிந்து, அதனால் நேரடியாக அடிபட்டு, அதன் பிறகும் உடன் நடப்பவள் அவள். சித்திரப் பலகையில் இருக்கும் மக்களை விட்டுவிடுங்கள். எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

இறந்துபோயிருந்தால் கணக்கு நேராகும் என்கிறீர்கள். மூன்றாம் பாகத்தின் இறுதியில் தன் வயிற்றில் ஒலிம்பஸின் வாளைச் செருகிக்கொண்டு அவன் அதைத்தானே முயன்றான்? அழிந்த கிரேக்கத்தில் ஒரு வீடாவது அதனால் மீண்டும் எழுந்ததா? அவனுள் இருந்த நம்பிக்கையின் ஆற்றல் மனிதருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இடிந்ததை எடுத்துக் கட்ட உயிரோடு ஒருவன் வேண்டும்.

வெண்சாம்பல் எழுதியது:

ஹெராக்கிளிஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அந்தக் கோணத்தை நான் யோசித்திருக்கவில்லை. ஃப்ரேயா குறித்துச் சொன்னதையும் ஏற்கிறேன். இருந்தாலும் ஆயுதம் செய்துதரும் குள்ளன் சிண்ட்ரி என் மனத்தை விட்டு அகலவில்லை. இந்தக் குடும்பத்துக்காகத் தன் வீட்டையும் கைத்திறனையும் எல்லாவற்றையும் கொடுத்தவன், சகோதரன் ப்ரோக்கை ஓடின் கொன்றபின் யாரோடும் ஒட்டாமல், ஈமச்சடங்கு முடிந்ததும் மறைந்துவிடுகிறான். அவன் ஒருவனை அப்படி வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, க்ரேட்டோஸுக்கு மட்டும் ஒளி காட்டுவது சரியா? ‘வல்ஹல்லா’ என்ற கூடுதல் பகுதியை நான் இன்னும் விளையாடவில்லை. அதில் இதற்கு ஏதாவது பதில் உண்டா?

குளிர்காற்று எழுதியது:

சிண்ட்ரிக்கு அதிலும் பதில் இல்லை. அப்படி விட்டதே நல்லது என்று நினைக்கிறேன். அவனையும் சமாதானப்படுத்தி அனுப்பியிருந்தால், பழையகளம் சொல்லும் குறை முழுக்க உண்மையாகியிருக்கும். ஒருவன் திருந்திவிட்டான் என்பதற்காக எல்லோரும் ஆறுதல் அடையவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அந்த ஒருவனின் மௌனம்தான் சொல்கிறது.

க்ரேட்டோஸ் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு, சித்திரப் பலகையைக் காட்டிலும் முக்கியமான இரண்டு இடங்கள் ‘ரக்னராக்’ கதைக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று, ஓடினின் தரப்புக் கடவுளான ஹைம்டாலின் மரணம். முதலில் அவனுக்கு உயிர்ப்பிச்சை அளித்து, போய்விடச் சொல்கிறான் க்ரேட்டோஸ். அவன் கேளாமல் மேலும் மேலும் சீண்டவே, பழைய வெறி தலைக்கேறிக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறான். அருகில் இருந்த மிமிரின் குரல் அவன் காதில் விழவே இல்லை. கிரேக்கத்தில் பார்த்த அதே முகம். திருந்தியவனுக்குள் பழையவன் அப்படியே உயிரோடு இருக்கிறான் என்பதை விளையாட்டு மறைக்கவில்லை. மற்றொன்று, ஓடினின் உலகமான அஸ்கார்டில் அவன் மகன் தோரோடு நடக்கும் சண்டை. அங்கே வெல்லும் நிலையில் இருந்தும் கோடரியைத் தாழ்த்தி, நம் பிள்ளைகளுக்காக நாம் மேம்பட்டாக வேண்டும் என்கிறான். தோரும் தன் சுத்தியலை ஓங்க மறுக்கிறான். அந்த மறுப்புக்காகவே ஓடின் அவனைக் கொல்கிறான். இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நல்ல முடிவு அவனுக்கு எளிதாக வந்துவிடவில்லை என்பது புரியும்.

பழையகளத்தின் வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கூண்டைத் தள்ளியது நாம்தான் என்பது. அதை இன்னும் ஒரு படி கொண்டு செல்கிறேன். 2005-இல் அந்தக் கொடுமையை நம் விரல்களால் செய்யவைத்த இந்த வரிசை, 2022-இல் கருணையை வெறும் காட்சியாகத்தான் காட்டுகிறது. தோருக்கு முன்னால் கோடரி தாழும்போது கட்டுப்பாடு நம் கையில் இல்லை. நம் கையில் இருந்த நேரத்திலெல்லாம் எதிரிகளைப் பிளந்துகொண்டுதான் இருந்தோம். இந்த இடைவெளி எனக்கு உண்மையான குறையாகவே படுகிறது.

அந்தக் குறையை ஓரளவு நிரப்புவது ‘வல்ஹல்லா’தான். 2023 டிசம்பரில் இலவசமாகவே தந்தார்கள். தோற்றால் மறுபடி தொடக்கத்திலிருந்து ஏறிவரவேண்டிய அமைப்பு அதற்கு. அதனால் அவன் கடந்தகாலத்துக்குள் நாமும் திரும்பத் திரும்ப நுழைகிறோம். கிரேக்கத்தின் இடங்களும் எதிரிகளும் நினைவிலிருந்து எழுந்து வருகின்றன. ஹீலியோஸின் வெட்டுண்ட தலை கூடவே வந்து, அவன் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிக் குத்துகிறது. புதிய போர்க்கடவுளாக அமரும்படி ஃப்ரேயாவின் தரப்பு விடுத்த அழைப்பை ஏற்கத் தனக்குத் தகுதி உண்டா என்பதுதான் அங்கே அவனை அலைக்கழிக்கும் கேள்வி. அதாவது, நீங்கள் இங்கே கேட்ட அதே கேள்வியை அவனே தன்னிடம் கேட்டுக்கொள்கிறான். இறுதியில் அரியணையில் அமர்ந்திருக்கும் தன் இளமை உருவத்துக்கு முன்னால் நின்று, செய்த கொடுமைகளை மறுக்காமல், அவனுக்குக் கொடூரன் என்றே பெயரிட்டு, அதற்கு அப்பாலும் அவனால் இருக்கமுடியும் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த இருக்கையில் அமர்கிறான். முதல் பாகத்தில் அதீனா அவனை இழுத்து உட்காரவைத்த அதே பதவி. இந்த முறை தன் குற்றப்பட்டியலைத் தானே வாசித்துவிட்டு உட்காருகிறான்.

ஆகவே என் பதில்: மகிழ்ச்சிக்கு அவன் தகுதியானவனா என்றால் இல்லை; பொறுப்புக்குத் தகுதியானவனா என்றால், ஆம். விளையாட்டு அவனுக்கு இரண்டாவதைத்தான் தந்திருக்கிறது. என் வருத்தமெல்லாம், ‘வல்ஹல்லா’வில் வரும் அந்தக் காட்சியை மூலக் கதைக்குள்ளேயே, சித்திரப் பலகைக்கு முன்னால் வைக்காமல் விட்டார்களே என்பதுதான். அப்படி வைத்திருந்தால் வெண்சாம்பலுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று நம்புகிறேன். அதை விளையாடி முடித்துவிட்டு, உங்கள் மனம் மாறுகிறதா என்று இங்கேயே எழுதுங்கள். பழையகளம் அவர்களும் அதை விளையாடியிருந்தால், கப்பல் தலைவன், கூண்டுவீரன் ஆகியோரின் கணக்கை அந்த அரியணைக் காட்சி ஏற்றுக்கொண்டு பேசுவதாக அவருக்குத் தோன்றியதா என்று அறிய விரும்புகிறேன்.