ஷன்ட்: தமிழில் என்ன எழுதலாம்? (புதனுக்குள்)

கோவை, செவிலியர் பயிற்றுநர்:
வணக்கம். இதயக் கோளாறால் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளின் பெற்றோருக்காக இரண்டு பக்கக் கையேடு எழுதுகிறேன். புதனன்று அச்சுக்குப் போகவேண்டும். 'ஷன்ட்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாத குழந்தைக்கு, கைக்குச் செல்லும் தமனியையும் நுரையீரல் தமனியையும் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு குழாயால் சேர்த்துத் தைக்கிறார்கள்; அதுதான் ஷன்ட். கருவில் திறந்திருந்த நாளம் பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். புராஸ்டாகிளாண்டின் மருந்தைச் செலுத்தி அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த அவகாசத்தில் இதைச் செய்கிறார்கள். கையெழுத்துப் போடும் தாய் திருப்பூரில் பனியன் தைப்பவராக இருக்கலாம்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மணி, சொல் நம் ஊரிலேயே ஓடுகிறது. பவானி நீரை நொய்யல்வரை கொண்டு சேர்க்கிறது காளிங்கராயன் வாய்க்கால். ஓர் ஆற்றில் எடுத்து இன்னோர் ஆற்றில் விடுவதுதானே ஷன்ட்? 13ஆம் நூற்றாண்டிலேயே வெட்டிவிட்டோம். ஆகவே, 'குருதிக்கால்'. காற்றுக்கும் கால் என்றே பெயர். நுரையீரலுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? இரத்தம், தமனி இரண்டும் வடசொற்கள். அவற்றையும் மாற்றுக.

பொள்ளாச்சி, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'குழந்தைக்குக் குருதிக்கால் வைக்கிறோம்' என்றால் அந்தத் தாய் குழந்தையின் காலைத்தான் தடவிப் பார்ப்பார். 'புறவழி' என்று போடுங்கள். சாலைப் பலகையில் தினமும் படிக்கிறார்கள்.

கோவை:
அது ஆகாது. பைபாஸ் என்றால் தாத்தாவுக்கு நடந்த அறுவை என்று நினைத்துக்கொள்வார்கள்.

போத்தனூர், ரயில்வே ஓய்வூதியர்:
ஷன்டிங்கில் நாங்கள் பெட்டியைத் தடம் மாற்றுவோம். 'தடமாற்றி'?

பெருந்துறை, குழந்தை மருத்துவர்:
'இணைப்புக் குழாய்' போதும். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1944இல் பால்டிமோரில் முதன்முதலாக இதைச் செய்தபோது குழாயே கிடையாது. கைக்குப் போகும் தமனியையே வெட்டித் திருப்பி, நுரையீரல் தமனியில் தைத்தார்கள். அந்தக் கணக்கில் ஆசிரியர் ஐயாவின் வாய்க்கால் சரிதான். இன்று வைப்பது பெரும்பாலும் குழாய். இன்னொன்று: இதனால் இதயக் கோளாறு தீர்ந்துவிடாது, குழந்தை வளர்ந்தபின் அடுத்த அறுவை உண்டு. அதைச் சொல்லாத பெயர் பெற்றோரை ஏமாற்றும். 'தற்காலிக' என்று முன்னால் சேருங்கள்.

ஈரோடு:
தற்காலிகம் வடசொல்.

பொள்ளாச்சி:
'இடைக்கால இணைப்புக் குழாய்'. போதுமா ஐயா? மணி பதினொன்று.

கோவை:
நான்கு பேர் சரி என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள். இதையே எழுதி, பக்கத்தில் 'ஷன்ட்' என்றும் சேர்க்கிறேன். வார்டில் அந்தச் சொல்தான் அவர்கள் காதில் விழும். தமனியை மாற்றவில்லை, மன்னிக்கவும்.

ஈரோடு:
கால் வேண்டாம் என்றீர்கள். 'இடைக்கால' என்று உள்ளே வந்தேவிட்டது! காலம் என்பதும் கால் என்ற வேரில் பிறந்த தமிழ்ச் சொல்லே என்பதற்குச் சான்றுகளை நாளை தனி இழையில் அனுப்புகிறேன். குருதிக்காலை ஒதுக்கியதற்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது.