ஸ்கோடா ஆக்டேவியா 230: மூணாவது சிலிண்டர்ல மட்டும் நாக் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு இன்ஜின் தட்டுறது), யோசனை சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு பக்கம் டர்போ வண்டி வச்சிருக்கறவங்க உதவணும். 2.0 டர்போ பெட்ரோல், ஸ்டேஜ் 1 மேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர்ல மாத்தின புரோகிராம்), டர்போ காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் கம்பெனியோடதே. சமதளத்துல குறையில்லை. நெல்லியாம்பதி கொண்டை ஊசி ஏறுனா இன்டேக் காற்று 70 டிகிரி தாண்டுது. நாக்கைத் தடுக்க மூணாவது சிலிண்டர்ல மட்டும் ஸ்பார்க் டைமிங் 6 டிகிரி பின்வாங்குது. நாலு சிலிண்டரும் சேர்ந்து பின்வாங்கியிருந்தா சூடு, பெட்ரோல்னு விட்டுடலாம்.

95 ஆக்டேன்தான் ஊத்துறது. பிளக் ஒரு படி கோல்ட் (சூட்டை வேகமா வெளியேத்துற வகை), இடைவெளி 0.6 மி.மீ. மூணாவது சிலிண்டர் பிளக்கோட பீங்கான்ல மட்டும் மிளகுப்பொடி தூவின மாதிரி கரும்புள்ளி. இன்டேக் பைப்ல லேசா ஆயில் ஈரம்.

இன்ஜெக்டர் அடைச்சு பெட்ரோல் குறைவா (லீன்) ஓடுதா, வால்வுல கார்பனா? முதல்ல எதைப் பார்க்கலாம்? கோவைக்குள்ள இன்ஜெக்டரைக் கழற்றி ஃப்ளோ டெஸ்ட் (எவ்வளவு பெட்ரோல் பீச்சுதுன்னு அளக்கறது) பண்ற இடம் தெரியுமா? அதுவரை கம்பெனியோட ஸ்டாக் மேப்தான். டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்) மாத்திப் போடுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.