அம்மாவின் சரவாங்கிக்கு அக்குபஞ்சர்: மாத்திரையை விடச் சொல்கிறார்கள்

ஈரோட்டுப் பெண்:
அம்மாவுக்கு வயது 54. இரண்டு வருடமாக முடக்குவாதம், எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டு மாத்திரை, மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் காலையில் விரலை மடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா, உடம்பில் மெல்லிய ஊசி குத்தி வைக்கும் ஒரு அக்குபஞ்சர் இடத்துக்குக் கூட்டிப் போனார். "இந்த மாத்திரை எல்லாம் விஷம், நிறுத்திவிட்டு வாங்க, மூன்று மாதத்தில் குணமாகும்" என்றார்களாம். அந்த வார்த்தை அம்மா மனதில் ஒட்டிக்கொண்டது. நான் மறுத்தால் கோபப்படுகிறார். ஊசியில் நிஜமாகவே பலன் உண்டா? உடம்பைத் தளர்த்தும் பயிற்சி என்கிறார்களே, அதைச் செய்யலாமா?

கரூர் அக்கா:
தங்கச்சி, ஊசிக்குப் போகவே கூடாது என்று அம்மாவிடம் சண்டை போடாதீங்க. மாத்திரையை விடக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்க. எனக்கு ஒன்பது வருடமாக இதே வியாதி. ஜவுளி கம்பெனியில் செக்கிங் வேலை, கைதான் சோறு போடுகிறது.

நானும் வாரம் இரண்டு என்று பன்னிரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கணுக்காலில் என்று மயிரிழை மாதிரி ஊசிகள். குத்தும்போது வலி பெரிதாக இல்லை, உள்ளே ஒரு கனம் இறங்கும். அரை மணி நேரம் அப்படியே படுத்திருப்பேன். அன்று இரவு தூக்கம் நன்றாக வரும். பத்துக்கு ஏழு என்றிருந்த வலி நான்கு, ஐந்துக்கு வந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் விரல் மூட்டில் இருந்த வீக்கம் அப்படியே இருந்தது. அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தேன், அதுவும் இறங்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். வலி குறைந்த தைரியத்தில், அந்த இடத்தில் சொன்னபடி மாத்திரையை விட்டேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, நோய் போய்விட்டது என்றே நம்பினேன். ஏழாவது வாரம் இட்லி மாவுச் சட்டியைத் தூக்க முடியவில்லை. மறுபடி மாத்திரை தொடங்கி, அது வேலை செய்ய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் வலது கை நடுவிரல் கோணிவிட்டது. இன்றுவரை நிமிரவில்லை. வலி என்பது வேறு, மூட்டை உள்ளிருந்து அரிக்கிற அழற்சி வேறு. வலி அடங்கினால் மூட்டு அரிபடுவது நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அம்மாவிடம் இதை என் பெயரால் சொல்லுங்க, கோணின விரலோடு ஒருத்தி சொன்னாள் என்று.

பயிற்சி கட்டாயம் செய்யலாம். சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1929-இல் புத்தகமாக எழுதிய முறை அது: ஒரு தசையை ஐந்தாறு வினாடி இறுக்கி, பிறகு அரை நிமிடம் முழுக்க விட்டுவிடுவது. பாதத்தில் தொடங்கி கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள், முகம் என்று மேலே வருவேன். கையை மட்டும் இறுக்க மாட்டேன். முஷ்டி மடக்கச் சொல்லுவார்கள், நம் வியாதிக்கு அது ஆகாது. கை சூடாகி, கனத்துத் தளர்கிறது என்று நினைத்துக்கொள்வதோடு சரி. இரவு ஒன்பதரைக்குக் கட்டிலில் படுத்துப் பதினைந்து நிமிடம். முதல் பத்து நாள் மனசு நிற்கவே நிற்காது, விடாதீங்க. தூங்கி எழுந்த நாளின் வலியும் தூங்காத நாளின் வலியும் ஒன்றல்ல.

திருச்சி செவிலி:
அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஊசி போடுவதானால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா, உங்கள் முன்னால் உறையைப் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்பு, முதுகுப் பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் காற்றுக் கசிவு வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் பயிற்சி இல்லாதவர் கையில் விடக்கூடாது.

குமட்டலுக்காக மாத்திரையை விட வேண்டாம். ஃபோலிக் ஆசிட் அளவை மாற்றுவது, மெத்தோட்ரெக்சேட்டையே ஊசியாகப் போடுவது என்று மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

பாளை வாத்தியார்:
எனக்கு நாள்பட்ட இடுப்புவலி. அதனால் ஜெர்மனியில் நடந்த ஆய்வைத் தேடிப் படித்தேன், 2007-இல் வெளியானது, 1,162 பேர். முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். சரியான புள்ளி அல்லாத இடத்தில் லேசாகக் குத்தியவர்களிலும் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4. புள்ளி எது என்பதைவிட, நிம்மதியாகப் படுத்திருப்பதும் ஒருவர் அக்கறையாகக் கவனிப்பதும் வேலை செய்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது இடுப்புவலி. சரவாங்கியின் வீக்கத்துக்கு அந்தக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது.

ஈரோட்டுப் பெண்:
அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல் விஷயம் வந்ததும் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரையை விட மாட்டேன் என்கிறார். ஊசி போட வேறு இடம் பார்க்கிறோம். போவதற்கு முன் மூட்டு மருத்துவரிடம் சொல்லிவிடுவோம்.

கரூர் அக்கா:
ரொம்ப சந்தோஷம். ஒரு நோட்டுப் போட்டு வலி எத்தனை, காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம், தூக்கம் எப்படி என்று தினமும் எழுதச் சொல்லுங்க. ஆறு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தால் ஊசிக்குக் கொடுக்கிற காசு வீணா இல்லையா என்று தெரிந்துவிடும். மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமை என்று காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்க, மறந்து தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு, சாப்பாடு முடிந்ததும் என் பையன்தான் எடுத்துக் கொடுப்பான்.