ஐரோப்பாவில் நாக்-அவுட், ஊரில் நாலாம் இடம்: கிளப் புரூஜின் 2022-23 சீசனை எந்தக் கணக்கில் எழுதுவது?

நீலக்கறுப்பு:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஹைலைட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 செப்டம்பர் 13, சாம்பியன்ஸ் லீகில் போர்ட்டோ மைதானத்தில் பெல்ஜியத்தின் கிளப் புரூஜ் 4-0. நம் நேரத்துக்கு நள்ளிரவு 12:30-க்கு ஆரம்பித்த மேட்ச், மறுநாள் வேலைக்குப் போகணும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன். 15-வது நிமிடத்தில் ஜுட்க்லா பெனால்டி, இடைவேளை முடிந்து ஏழே நிமிடத்துக்குள் சோவா, ஸ்கோவ் ஓல்சன், கடைசியில் பெஞ்சிலிருந்து வந்த நுசா என்ற 17 வயதுப் பையன் ஒன்று. போர்ட்டோ, அட்லெட்டிகோ மாட்ரிட், லெவர்குசன் இருந்த குரூப்பில் முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட வாங்காமல் 10 புள்ளி எடுத்து, இரண்டு மேட்ச் மீதி இருக்கும்போதே அடுத்த சுற்றுக்குப் போன அணி அது. சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய பிறகு அந்தக் கிளப் நாக்-அவுட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த சீசனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இங்கே எல்லோரும் பாதியில் வந்துபோன கோச்சை நினைத்து "அய்யோ, ஸ்காட் பார்க்கர்" என்று சிரிக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய சீசன் அது. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துட்டேன். வரலாற்றிலேயே பெரிய சீசனா? 1978-ல் ஹாப்பெல் கோச்சாக இருந்தபோது ஐரோப்பியக் கோப்பை ஃபைனலுக்கே போய் வெம்ப்ளியில் லிவர்பூலிடம் ஒரே கோலில் தோற்றார்கள், அதே வருடம் பெல்ஜியம் லீகையும் ஜெயித்தார்கள். அதை எங்கே வைப்பீர்கள்?

2022-23-ல் என்ன நடந்தது? தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியனாக இருந்த அணி, லீகின் 34 மேட்ச் முடிவில் 59 புள்ளியோடு நாலாவது. முதல் இரண்டு இடத்தில் இருந்த கெங்க்கும் யூனியனும் 75. பதினாறு புள்ளி வித்தியாசம் அண்ணே! பெல்ஜியம் கோப்பைப் போட்டியில் சின்ட்-ட்ரூய்டனிடம் 1-4. ஒரே சீசனில் மூன்று கோச். இதற்கு "பெரிய சீசன்" என்று பெயர் வைத்தால் மோசமான சீசனுக்கு என்ன பெயர் வைப்பது?

நீலக்கறுப்பு:
1978-ஐ இங்கே இழுக்கக் கூடாது. அன்றைக்குப் பெல்ஜியம் அணிகள் நல்ல ஆட்டக்காரனைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. 1995-ல், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் டிரான்ஸ்ஃபர் பணம் இல்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற போஸ்மான் தீர்ப்பு வந்த பிறகு அந்தக் கதவே மூடிவிட்டது. 2022 கோடையில் டி கெட்டலாரா மிலானுக்குப் போனான், 30 மில்லியன் யூரோவுக்கு மேல். சாம்பியன் ஆக்கிய கோச் ஷ்ரூடர் அயாக்ஸுக்குப் போனார், அவருக்கு முன்னால் இருந்த கிளெமென்ட் அதே சீசன் பாதியிலேயே மொனாக்கோவுக்குக் கிளம்பியிருந்தார். ஒவ்வொரு வருடமும் வீட்டில் இருப்பதை விற்றுவிட்டு மறுபடி சமைக்கிற கிளப் இது. அப்படிச் சமைத்ததை வைத்துக்கொண்டு அட்லெட்டிகோவைக் குரூப்பில் கடைசி இடத்துக்குத் தள்ளியது சின்ன விஷயமா?

ஆஃப்சைட் அண்ணாச்சி:
கடைசி இடத்துக்குத் தள்ளியது புரூஜ் மட்டும் இல்லை தம்பி, அட்லெட்டிகோ தானாகவும் கொஞ்சம் விழுந்தது. புரூஜ் அவர்களை ஜெயித்த 2-0 மேட்சை மறுபடி பாருங்கள். 76-வது நிமிடம் கிரீஸ்மான் அடித்த பெனால்டி பாரில் பட்டு வந்தது. அது உள்ளே போயிருந்தால் கடைசி கால் மணி நேரம் நீங்கள் நகம் கடித்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். முதல் மேட்சில் லெவர்குசனுக்கு எதிரான ஒரே கோல் எப்படி வந்தது? சில்லா தலையால் முட்டிய பந்து நேராக கோல்கீப்பர் கைக்குத்தான் போனது, ஹ்ராடெக்கி அதைப் பிடித்தும் பிடிக்காமலும் கோட்டுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார். அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

வலைக்காவலன்:
அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் புரூஜ் கோல்கீப்பர் மின்யோலேவுக்குச் செய்கிற துரோகம். ஆறு மேட்சில் ஐந்தில் கோலே வாங்கவில்லை அந்த மனிதர். மாட்ரிட்டில் 0-0 ஆன மேட்சை யாராவது முழுசாகப் பார்த்தீர்களா? இரண்டாம் பாதியில் அட்லெட்டிகோ சுவரைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தது, கடைசியில் சோவா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போய், பத்துப் பேரோடு தாக்குப்பிடித்தார்கள். கிட்ட வைத்து அடித்ததை எல்லாம் காலாலும் முழங்காலாலும் தடுத்துக்கொண்டிருந்தார். லிவர்பூலில் இருந்தபோது அவரைக் கிண்டல் பண்ணாத ஆள் உண்டா? நானும் பண்ணியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு ராத்திரியில் என் வாயை அடைத்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
ஆக, ஒரு கோல்கீப்பர் உச்சத்தில் இருந்தார். சரி. அணி நன்றாக இருந்ததா? அதே அணி அடுத்த மேட்சில் சொந்த மைதானத்தில் போர்ட்டோவிடம் 0-4. அந்தப் பெனால்டி ஞாபகம் இருக்கிறதா? முதலில் அடித்ததை போர்ட்டோ கோல்கீப்பர் டியோகோ கோஸ்டா தடுத்தார், அடிப்பதற்கு முன்னாடியே ஒரு ஆள் பெட்டிக்குள் வந்துவிட்டான் என்று ரெஃப்ரி மறுபடி அடிக்கச் சொன்னார், அதையும் தடுத்துவிட்டார். ஒரு பெனால்டிக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டும் போச்சு.

நான் சொல்ல வருவது இதுதான். ஐரோப்பாவில் ஆறு மேட்ச், நாலு நல்ல ராத்திரி. லீக் என்பது 34 மேட்ச். மழை பெய்கிற சனிக்கிழமை சாயங்காலம் சின்ன ஊரில் போய் ஜெயிக்கிறாயா என்பதுதான் ஒரு அணியின் உண்மையான தரம். புரூஜ் அங்கே பாதி மேட்சில்கூட ஜெயிக்கவில்லை.

நீலக்கறுப்பு:
கணக்கு கேட்டால் நானும் கணக்கு சொல்கிறேன். அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக் குரூப்புக்குள் வந்தாலே 15.64 மில்லியன் யூரோ. ஒரு வெற்றிக்கு 2.8, டிராவுக்கு 0.93, அடுத்த சுற்றுக்குப் போனால் 9.6. மூன்று வெற்றி, இரண்டு டிரா, ஒரு நாக்-அவுட். கூட்டிப் பாருங்கள், 35 மில்லியனைத் தாண்டும், டிவி பங்கு அது இது எல்லாம் இல்லாமலே. பெல்ஜியத்தில் லீக் கப்பை வாங்கினால் அதில் எத்தனை பங்கு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பணம்தான் அடுத்த வருடங்களில் அணியைக் கட்டியது. 2024-ல் மறுபடி சாம்பியன் ஆனார்கள், மறந்துவிட்டதா?

ஆஃப்சைட் அண்ணாச்சி:
பணக் கணக்குச் சரிதான். ஆனால் அந்தப் பணம் ஸ்ட்ரைக்கர் யாரெம்சுக்குக்கும் போனது, அதையும் எழுதுங்கள். பென்ஃபிகாவிலிருந்து பெரிய விலை கொடுத்துக் கூட்டிவந்தார்கள். பார்சிலோனாவின் இரண்டாம் அணியிலிருந்து கொஞ்ச விலைக்கு வந்த ஜுட்க்லா போர்ட்டோவையும் அட்லெட்டிகோவையும் அடித்துக்கொண்டிருக்கிறான், விலை உயர்ந்தவர் ஓரமாக நிற்கிறார். எங்கள் ஊரில் மாடு வாங்கப் போனவன் மணியின் விலையைக் கேட்டு வாங்கினான் என்பார்கள்.

இன்னொன்று. இந்த விவாதத்தில், சீசனை ஆரம்பித்த கோச் ஹூஃப்கென்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

வலைக்காவலன்:
அதுதான் எனக்கும் வயிற்றெரிச்சல். அந்தக் கிளப்புக்கே ஆடின ஆள், அதன் சின்னப் பசங்களுக்குக் கோச்சிங் கொடுத்து மேலே வந்தவர், முதல் தடவையாகப் பெரிய அணி கையில் கிடைக்கிறது, முதல் நாலு மாதத்தில் சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் பென்ஃபிகாவோடு ஆடவேண்டிய அணியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினவர் அவர், அந்த மேட்சில் பெஞ்சில் உட்கார்ந்தது வேறு ஆள்.

கணக்குப்பிள்ளை:
உலகக் கோப்பை இடைவேளை முடிந்து வந்ததும் கோப்பையில் அந்த 1-4, லீகில் கெங்க்குக்குப் பத்துப் புள்ளிக்கு மேல் பின்னால். அனுப்பியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். யாரைக் கூட்டிவந்தார்கள் என்பதுதான் தப்பு. ஸ்காட் பார்க்கர், போர்ன்மத்தில் லிவர்பூலிடம் 0-9 வாங்கி வேலை போய் நாலே மாதம் ஆன மனிதர். வந்தார், 12 மேட்ச், 2 வெற்றி. பென்ஃபிகாவிடம் வீட்டில் 0-2, லிஸ்பனில் 1-5. மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டியாகிவிட்டது. மொத்தம் 67 நாள். எங்கள் தெருவில் கல்யாண வீட்டுப் பந்தலே அதைவிட நாள் நிற்கும்.

நீலக்கறுப்பு:
67 நாள் நிற்கும் பந்தலா? எந்தத் தெரு அண்ணே அது? :)

ஆனால் நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள். லீக் கெட்டதற்குக் காரணம் போர்டு எடுத்த முடிவு. ஆட்டக்காரர்களும் ஹூஃப்கென்ஸும் செப்டம்பர், அக்டோபரில் செய்ததை அது அழிக்குமா?

கணக்குப்பிள்ளை:
அழிக்காது. ஆனால் நீங்கள் சீசன் என்கிறீர்கள், செப்டம்பர் அக்டோபர் என்று சொல்லவில்லை. ஜூலையில் கென்ட்டை 1-0 ஜெயித்து சூப்பர் கப் வாங்கியதோடு அந்த வருடக் கோப்பை அலமாரி முடிந்தது. கென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2015-16-ல் கென்ட்டும் இதே மாதிரி சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட்டுக்குப் போனது. வலென்சியா, லியோன், ஸெனித் இருந்த குரூப். வுல்ஃப்ஸ்பர்க்கிடம் 2-3, 0-1, தோல்வியிலும் ஒரு மரியாதை இருந்தது. லீகில் மூன்றாவதாகவும் முடித்தார்கள். ஐரோப்பாவில் ஓடினால் ஊரில் மூச்சு வாங்கும் என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. கென்ட்டிடம் புரூஜைவிடப் பணமும் குறைவு.

அட, புரூஜையே எடுங்கள். 2024-25-ல் சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃபில் அட்டலாண்டாவை வீட்டிலும் வெளியிலும் அடித்து அதே கட்டத்துக்கு வந்தார்கள். லீகில் இரண்டாம் இடம், ஆன்டர்லெக்டை 2-1 ஜெயித்துப் பெல்ஜியம் கோப்பையும் கையில். நிக்கி ஹாயென் ஒரே ஆள், முழு சீசனும். அதைப் பெரிய சீசன் என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

வலைக்காவலன்:
அந்த 2024-25-ல் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக வந்த பெனால்டி! கோல்கீப்பர் கோல் கிக் எடுத்துப் பந்தைப் பக்கத்தில் தட்டிவிட, ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து மிங்ஸ் அதைக் கையால் எடுத்தாரே. வனாகென் அடித்தார், 1-0. அதை நினைத்து இப்போதும் சிரிக்கிறேன். மன்னிக்கவும், பேச்சை மாற்றிவிட்டேன்.

நீலக்கறுப்பு:
2024-25 எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வருடத்திலிருந்து முறையே வேறு, குரூப்பே கிடையாது, 36 அணியில் 24 அணி பிப்ரவரி வரை உயிரோடு இருக்கும். 2022-ல் நாலு பேரில் இரண்டு பேர்தான் மேலே போக முடியும், புரூஜ்தான் அந்தக் குரூப்பின் பலியாடு என்று குரூப் குலுக்கல் அன்றைக்கே எல்லோரும் எழுதினார்கள். இரண்டும் ஒன்றல்ல. சரி, "வரலாற்றிலேயே" என்பதை வாபஸ் வாங்குகிறேன், 1978 அப்படியே இருக்கட்டும். "போஸ்மானுக்குப் பிறகு" என்று மாற்றிக்கொள்கிறேன். அதற்கு மேல் இறங்கமாட்டேன்.

மஞ்சநீலம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் யூனியன் சான் ஜில்வாஸ் ஆள். புரூஜின் 2022-23-ஐப் பற்றி நீங்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள், அதன் கடைசி மேட்சைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

2023 ஜூன் 4. 34 மேட்ச் முடிந்ததும் முதல் நாலு அணிகளின் புள்ளியைப் பாதியாக்கி மறுபடி மோதவிட்ட அந்த வினோத லீக் பிளே-ஆஃபின் கடைசி நாள். எங்கள் மைதானத்துக்குப் புரூஜ் வருகிறது, அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் நாலாம் இடம்தான். நாங்கள் 1-0 முன்னிலை. அங்கே கெங்க் ஆன்ட்வெர்ப்பை 2-1 என்று பிடித்து வைத்திருக்கிறது. அப்படியே முடிந்தால் 1935-க்குப் பிறகு நாங்கள் சாம்பியன். முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும்போது புரூஜ் சமன் செய்தது, அந்த நொடியில் கெங்க் சாம்பியன். அப்புறம் 94-வது நிமிடம் ஆல்டர்வெய்ரெல்ட் தூரத்திலிருந்து ஒன்று விட்டார், பந்து மூலையில் போய் விழுந்தது, ஆன்ட்வெர்ப் சாம்பியன், 1957-க்குப் பிறகு முதல் தடவை. எங்கள் மேட்ச் 1-3 என்று முடிந்தது. ஐந்தாறு நிமிடத்தில் மூன்று ஊர் சாம்பியன் ஆகிவிட்டது.

சீசன் முழுக்கச் சின்ன ஊர்களில் ஜெயிக்கத் தெரியாத அணிக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த வேகம்? அதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

நீலக்கறுப்பு:
அன்றைக்கு நான் ஆன்ட்வெர்ப் மேட்ச்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மையாக. போன் ஓரத்தில் 1-3 என்று ஸ்கோர் வந்தபோது தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து ஆப்பை மூடி மறுபடி திறந்தேன். உங்களுக்காக வருத்தம்தான். ஆனால் 2025-ல் நீங்களே கப்பைத் தூக்கிவிட்டீர்களே, அதுவும் எங்களை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி.

மஞ்சநீலம்:
அது அந்தக் கடன். இது வட்டி, இன்னும் பாக்கி.

ஆஃப்சைட் அண்ணாச்சி:
போர்ட்டோவுக்கு எதிராகத் திரும்ப அடித்த பெனால்டியில் இரண்டாவது ஆள் யார், லாங்கா வனாகெனா? பக்கத்தில் மகன் உட்கார்ந்துகொண்டு வனாகென்தான் என்று பந்தயம் கட்டுகிறான்.

வலைக்காவலன்:
முதலில் வனாகென், ரீடேக் லாங். பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.